அன்றைக்கு வந்த இருபத்திரண்டு பேர்

தண்ணீரைத் திரைமேல் தெளிக்கக் கூடாது, துணியில்தான் தெளிக்க வேண்டும். முதலில் திரையை அணைக்க வேண்டும். எரிகிற திரையில் அழுக்கு தெரியாது. பிறகு இடது கையால் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வலது கையால் மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு. கல்லூரியின் பதினோரு அறிவிப்புத் திரைகளையும் என் தம்பி மனைவி தினமும் காலையில் இப்படித்தான் துடைப்பாள். துப்புரவு ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் சோப்புத் தண்ணீர் அடித்து ஒன்றைக் கெடுத்த பிறகு அந்த வேலையையும் அவளே எடுத்துக்கொண்டாள்.

"தொட்டா படம் நகரும்னு நெனச்சுத் தடவிட்டுப் போறாங்க, அண்ணி. எண்ணெய்க் கையை வச்சே கேன்டீன் பக்கத்துத் திரை எதுன்னு சொல்லிடலாம்" என்பாள்.

மாணவர்களுக்கு அவள் ஸ்கிரீன் அக்கா. முன்பு பலகையில் குண்டூசி குத்தி அறிவிப்பு ஒட்டியவள். பலகைகளைக் கழற்றித் திரைகளை மாட்டியபோது அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. அந்த வருஷம்தான் என் தம்பி போய்ச் சேர்ந்தான். பிள்ளைகள் இல்லை. நான் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தேன். இரண்டு பேருக்கு இரண்டு அடுப்பு எதற்கு என்று அவள் வீட்டுக்கே வந்துவிட்டேன்.

நாடகம், சதுரங்கம், பேச்சுப் போட்டி என்று எது நடந்தாலும் மாணவர்கள் படிவம் எழுதிக் கொடுப்பார்கள். அவள் அதைப் படமாக்கி, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று கணினியில் போடுவாள். மற்ற விளம்பரங்களோடு அதுவும் எல்லாத் திரைகளிலும் சுற்றி வரும். ஒவ்வொன்றுக்கும் பத்து வினாடி.

"என்னப்பா இது, கல்யாணப் பத்திரிகையா? சித்தப்பா பெரியப்பா பேரெல்லாம் போட்டிருக்கே?"

"அவங்கல்லாம் கமிட்டி மெம்பருங்க, அக்கா."

"நடந்து போறவன் ஏழு வார்த்தைக்கு மேல படிக்க மாட்டான். என்ன, எங்க, எப்ப. மீதியை உங்கம்மாகிட்ட சொல்லு, அவங்க ஒருத்தங்கதான் கேப்பாங்க."

நிகழ்ச்சி நாளன்று 'இன்று' என்று சிவப்பில் ஒரு தனிப் படம் வந்தாக வேண்டும் என்பது அவள் பிடிவாதம். நேற்றுப் பார்த்தது நேற்றோடு போச்சு, இன்றைக்கு, இப்போது, இந்தக் கட்டடம் என்று சொன்னால்தான் கால் திரும்பும் என்பாள். தேதி போடுவதில் ஒரு சிக்கல் இருந்தது. முடிவு தேதி என்று எதைப் போடுகிறோமோ, அந்த நாள் தொடங்கும்போதே படம் போய்விடும். அதனால் எப்போதும் ஒரு நாள் தள்ளித்தான் போட வேண்டும். இதைப் பெரிய எழுத்தில் எழுதிக் கணினி மேல் ஒட்டியிருந்தாள். விடுப்பில் போகும்போதெல்லாம் பதில் ஆளுக்கு இரண்டு முறை சொல்லிவிட்டுத்தான் போவாள்.

இரண்டாம் ஆண்டு படித்த ஒரு பெண்ணுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. எலும்பு மஜ்ஜை பொருந்துகிற ஒருவர் கிடைத்தால் பிழைக்கலாம் என்றார்கள். அதே கல்லூரியில் இறுதியாண்டு படித்த அவள் அக்காவுக்குப் பொருந்தவில்லை. அந்த மூத்தவள்தான் கல்லூரியில் முகாம் வைத்தாள். பொருந்துகிறதா என்று பார்க்க, கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக் குச்சியால் தடவிக் கொடுத்தால் போதும், இரண்டு நிமிஷ வேலை. எண்ணாயிரம் பேர் படிக்கிற இடம் என்று நம்பி ஆயிரம் குச்சிகள் வரவழைத்திருந்தாள்.

'இன்று' படத்துக்கு என் தம்பி மனைவி அரை நாள் செலவழித்தாள். மூத்தவள் முதலில் கொடுத்தது தங்கையை ஆஸ்பத்திரியில் எடுத்த படம். தலையில் முடி இல்லை, மூக்கில் குழாய்.

"இதைப் பார்த்தா பயந்துடுவாங்கம்மா. சிரிக்கிற மாதிரி ஒண்ணு கொடு" என்று கேட்டு வாங்கினாள். பின்னால் நின்றவர்களை வெட்டி, முகத்தில் விழுந்த நிழலை எடுத்து, எழுத்தை மூன்று முறை மாற்றினாள். கடைசியில் தேதிக் கட்டங்களை நிரப்பிவிட்டு வீட்டுக்கு வந்தாள். தொடக்கம் பதினான்கு, முகாம் நாள். முடிவும் பதினான்கு.

மறுநாள் அந்தப் படம் ஒரு திரையிலும் வரவில்லை. முன்னறிவிப்புப் படமும் முந்தின நாளோடு முடிந்திருந்தது. காலையில் அணைந்த திரைகளைத் துடைத்துவிட்டுப் போய்த் தன் அறையில் உட்கார்ந்தவளுக்கு எதுவும் தெரியவில்லை. பிற்பகல் மூன்று மணிக்குத் தானும் கன்னத்தைக் காட்டலாம் என்று முகாமுக்குப் போனாள். "உங்களுக்கு வயசு தாண்டிடுச்சு, அக்கா" என்று மூத்தவள் சிரித்தாள். அறை காலியாக இருந்தது. திரும்பி வரும் வழியில் கேன்டீன் திரையைப் பார்த்தாள். சதுரங்கம், நாடகம், மறுபடி சதுரங்கம். ஓடிப்போய்த் தேதியை மாற்றி, படம் வந்தபோது மூன்றே முக்கால். நான்கு மணிக்கு முகாம் முடிந்தது. வந்தவர்கள் இருபத்திரண்டு பேர். யாருக்கும் பொருந்தவில்லை.

நான்கு மாதத்தில் அந்தப் பெண் இறந்துவிட்டாள்.

இதையெல்லாம் அவள் என்னிடம் அப்போது சொல்லவில்லை. இளைத்துப் போனாள், சாப்பாட்டை அளைந்தாள். சர்க்கரையாக இருக்கும் என்று ரத்தம் எடுக்க அழைத்துப் போனேன். எல்லாம் சரியாக இருந்தது. 'உனக்கு ஒன்றும் இல்லை, ஒழுங்காகச் சாப்பிடு' என்று அதட்டினேன்.

பிறகு ஒரு நாள் சாயங்காலம் வந்து, செருப்பைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள். நினைவுக் கூட்டத்துக்கான படிவத்தை மூத்தவள் அன்று கொண்டுவந்திருக்கிறாள். போட்டோவை நாளைக் காலையில் தருகிறேன் என்றவள், "சும்மா போடுங்க, அக்கா. யாரும் வரப்போறதில்ல. ஒரு குச்சியை வாயில வைக்கவே எண்ணாயிரம் பேருல இருபத்திரண்டு பேர்தான் வந்தாங்க. மனுஷங்க இவ்வளவுதான்னு தெரிஞ்சுடுச்சு" என்றாளாம்.

அதன் பிறகுதான் தேதிக் கதை வெளியே வந்தது.

"ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில விழுந்துச்சு, அண்ணி. அந்தப் பொண்ணு முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சரி பண்ணேன். தேதியைப் பார்க்கல."

"இங்க பாரு. ஆயிரம் பேர் வந்திருந்தாலும் பொருந்தியிருக்கும்னு சொல்ல முடியாது. நான் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கேன்."

"பொருந்தியிருக்காதுன்னு சொல்ல முடியுமா?"

முடியாது.

"நாளைக்கு அவகிட்ட சொல்லப் போறேன்."

"சொன்னா உனக்கு மனசு லேசாகும். அவளுக்கு என்ன கிடைக்கும்? செத்தவ வருவாளா? உன் வேலையும் போகும்."

"லேசாகாது, அண்ணி. அவ எண்ணாயிரம் பேரை வெறுத்துக்கிட்டு இருக்கா. வெறுக்க வேண்டியது ஒரே ஒரு ஆளை."

நான் எழுந்து சோறு போட்டேன். அன்றைக்கும் அவள் சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில் நானும் கூடப் போனேன். பேசுவதற்காகப் போகவில்லை. மயக்கம் போட்டு விழுந்தால் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். அறைக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்தேன். கதவு திறந்தேதான் இருந்தது. எட்டரைக்கு மூத்தவள் வந்தாள். என் தம்பி மனைவி நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அழவில்லை. மன்னிப்பு என்ற சொல்லையும் எடுக்கவில்லை. பழைய பதிவைக் கணினியில் திறந்து இரண்டு பதினான்கையும் காட்டினாள்.

மூத்தவள் குனிந்து அதைப் பார்த்தாள்.

"அப்ப அன்னிக்குத்தான்னு அவங்களுக்குத் தெரியவே தெரியாதா?"

"தெரியாதும்மா."

"நான் என் கிளாஸ்ல ஒருத்தர்கிட்டயும் பேசுறதில்ல. நாலு மாசமா."

என் தம்பி மனைவி பழைய பதிவை மூடி, நினைவுக் கூட்டத்துக்குப் புதிய பதிவைத் திறந்தாள்.

"நகருங்க" என்றாள் மூத்தவள். நாற்காலியில் தானே உட்கார்ந்தாள். கொண்டுவந்த போட்டோவைத் தானே ஏற்றினாள். "எந்தக் கட்டம்?" என்று கேட்டாள். என் தம்பி மனைவி விரலால் காட்டினாள். கூட்டம் இருபதாம் தேதி. மூத்தவள் இருபத்தொன்று என்று அடித்தாள். எழுந்து, என்னைத் தாண்டி, மாடிப்படிக்குக் கீழே இருந்த திரைக்கு முன்னால் போய் நின்றாள். என் தம்பி மனைவியும் போய் நான்கு அடி தள்ளி நின்றாள்.

அன்றைக்கு ஒன்பது விளம்பரங்கள் சுற்றிக்கொண்டிருந்தன. எட்டைப் பார்க்க வேண்டியிருந்தது. ஒன்பதாவதாக அந்தச் சிரித்த முகம் வந்தது, பத்து வினாடி இருந்தது, போனது. மூத்தவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வகுப்புக்குப் போனாள்.

என் தம்பி மனைவி இன்னொரு சுற்று நின்று பார்த்தாள். பிறகு தன் அறைக்குப் போய், மேசையில் இருந்த அடுத்த படிவத்தை எடுத்தாள்.