ஹவில்தாரம்மா பேசியது

மைக்கை வாங்கியதும் முதலில் அதைச் சேலைத் தலைப்பால் துடைத்தார் ஹவில்தாரம்மா. எங்கள் தீவில், கேம்பல் பேயில், காட்டின் ஒரு பெரும்பகுதியைத் திட்டம் ஒன்றுக்குக் கொடுப்பது பற்றி மக்கள் கருத்தைக் கேட்கக் கூட்டிய கூட்டம் அது. மேடையை ஒட்டிய சின்ன மேசையில் நான் உட்கார்ந்திருந்தேன். பேசுவதையெல்லாம் ஆங்கிலத்தில் குறிப்பெடுப்பது என் வேலை.

பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வுபெற்ற கணவரோடு சிவகங்கைப் பக்கமிருந்து வந்து, அரசு கொடுத்த நிலத்தில் குடியேறியவர் அவர். என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தார். அவருக்கு முன்னால் பேசியவர்கள் வேலை கேட்டார்கள், ஆஸ்பத்திரி கேட்டார்கள், கப்பல் ஒழுங்காக வர வேண்டும் என்றார்கள். கேட்டதில் தப்பில்லை. மெயின்லேண்ட் போக டிக்கெட்டுக்கு நாள்கணக்கில் காத்துக் கிடப்பவர்கள் நாங்கள்.

இந்தியில் ஆரம்பித்தவர், தன்னை அறியாமல் தமிழுக்கு வந்துவிட்டார்.

“சாப், நாங்களும் ஜங்கலை வெட்டினவங்கதான். என் கையாலயே வெட்டியிருக்கேன். தென்னை வச்சோம். சுனாமியில தென்னையும் போச்சு, வீடும் போச்சு. எங்க வீட்டுக்காரரு பென்ஷன் காகிதத்தை எடுக்கத் திரும்பிப் போனாரு. நான் மேட்டுக் காட்டுக்குள்ள ஓடினேன். அதனால இன்னிக்கு நின்னு பேசுறேன். அந்தக் காட்டையும் வெட்டிட்டா அடுத்த தடவை எங்க ஓடுறது? உள்ள இருக்கிற ஆதிவாசிங்களுக்கு இப்படி ஒரு மீட்டிங் நடக்குறதே தெரியாது. அவங்களை யாரு கேட்டீங்க?”

அடுத்தவர் பெயரைக் கூப்பிட்டார்கள்.

அன்று மாலை குறிப்பைத் தட்டச்சு செய்யும்போது, அவர் பேசியதற்கு நான் எழுதியது ஒரே வரி. ‘ஒரு பெண்மணி சுற்றுச்சூழல் குறித்துக் கவலை தெரிவித்தார்.’ யாரும் என்னை மிரட்டவில்லை. ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்தது. யார் கண்ணிலும் படாமல் அதைக் கழித்துவிட நினைத்தேன், அவ்வளவுதான்.

சில வாரங்கள் கழித்து, அந்தக் கூட்டத்தின் அறிக்கை நகல் ஒன்றை எப்படியோ வாங்கிக்கொண்டு ஹவில்தாரம்மா என் வீட்டுக்கு வந்தார். அவருக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும்.

“தம்பி, நான் பேசினது எந்தப் பக்கம்? படிச்சுக் காட்டுப்பா.”

பக்கத்தைப் புரட்டினேன். அந்த ஒரு வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டு, அவர் பேசியது முழுவதையும் நினைவிலிருந்து சொன்னேன். தென்னை, பென்ஷன் காகிதம், மேட்டுக் காடு எதையும் விடவில்லை. கண்ணை மூடிக் கேட்டார். “அப்ப டெல்லியில படிச்சிருப்பாங்க” என்றார். வரப்போகும் பதிலுக்காக அதன்பின் ஒவ்வொரு கப்பல் வரும்போதும் தபால் நிலையத்துக்குப் போனார்.

பதில் வரவில்லை. மேட்டுக் காட்டு மரங்களில் சிவப்புப் பெயின்டில் எண் போட ஆட்கள் வந்தார்கள். ஹவில்தாரம்மா அந்த அறிக்கையோடு ஓடிப்போய், இதில் எழுதியிருக்கிறது, நீங்களே படியுங்கள் என்று சர்வேயரிடம் நீட்டியிருக்கிறார். சர்வேயர் படித்துவிட்டு, அந்த ஒரு வரியை இந்தியில் சொல்லியிருக்கிறார்.

ஹவில்தாரம்மா நேராக என்னிடம்தான் வந்தார். சேலையில் சேறு அப்பியிருந்தது. திட்டுவார் என்று காத்திருந்தேன்.

“அன்னிக்கு எதைப் பார்த்துப் படிச்சே?”

வாசலில் உட்கார்ந்தார். “இப்ப எழுது” என்றார். முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். ஆங்கிலத்தில் நான்கு பக்கம் எழுதினேன். கருத்துச் சொல்வதற்கான கெடு என்றோ முடிந்துவிட்டது. அதையும் அவரிடம் சொன்னேன். இந்த முறை பொய் சொல்லத் தெம்பில்லை.

“தெரியும். எழுது.”

எழுதி முடித்ததும் தாள்களை வாங்கிக்கொண்டார். என்னைப் படிக்கச் சொல்லவில்லை. எதிர்வீட்டு மலையாளி நர்ஸைக் கூப்பிட்டு, என் எதிரிலேயே ஒவ்வொரு வரியாக இந்தியில் சொல்லச் சொல்லிக் கேட்டார்.