இரண்டு கம்பெனிகளில் ஒரே குரல்

நான் வீடியோ வெட்டிப் பிழைக்கிறவள். திருத்தங்கலில் எங்கள் வீட்டு மாடியறையில்தான் வேலை. அதற்கு முன்பு விருதுநகரில் கல்யாண வீடியோ எடுக்கும் ஒரு ஸ்டுடியோவில் எடிட்டராக இருந்தேன். மகள் பிறந்த பிறகு தினமும் பஸ்ஸில் போய்வர முடியவில்லை. வீட்டிலிருந்தே செய்கிற மாதிரி ஏதாவது கிடைக்குமா என்று தேடியபோது, சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனியில் கூப்பிட்டார்கள்.

காலண்டர்காரர்களுக்கு ஆடிப்பெருக்குதான் வருடத் தொடக்கம். அன்றைக்கு அடுத்த வருடத்துக்கான மாதிரிகளை ஒரு தடித்த ஆல்பமாக வெளியிடுவார்கள். அதைத் தூக்கிக்கொண்டு ஏஜெண்டுகள் ஊர் ஊராகப் போய் நகைக்கடை, ஜவுளிக்கடை, மளிகைக்கடை என்று ஆர்டர் பிடிப்பார்கள். இப்போதும் போகிறார்கள். ஆனால் கடைக்காரர்கள் ஏஜெண்ட் வருவதற்குள் செல்போனிலேயே எல்லாவற்றையும் பார்த்துவிடுகிறார்கள். அதனால் இந்தக் கம்பெனி ஆடி முடிவதற்குள் யூடியூபில் லைவ் போட ஆரம்பித்துவிடும். வாரத்துக்கு ஒன்று, ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது.

லைவ் ஓடும்போது உட்கார்ந்து பார்ப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். முதலாளியை நாங்கள் எல்லோரும் அண்ணாச்சி என்போம். அவர் முதல் நாளே என்னிடம் சொன்னார்:

"ரெண்டு மணி நேரம் பேசுறத அன்னைக்கே தூக்கிப் போட்டுறக் கூடாதும்மா. கரும்பு மாதிரி. சக்கை வர்ற வரைக்கும் புழியணும்."

புழிந்தேன். ஒரு லைவை இறக்கி முழுதும் கேட்பேன். நல்ல இடங்களைக் குறித்துக்கொண்டு, ஒரு நிமிடத்துக்குள் அடங்கும் துண்டுகளாக வெட்டி, செல்போனில் நிமிர்ந்து நிற்கிற அளவுக்குக் குறுக்கி, கீழே எழுத்து ஓடவிட்டால் ரீல்ஸ். அதையே இன்னும் சுருக்கினால் வாட்ஸாப் ஸ்டேட்டஸ். பேச்சை மட்டும் பிரித்து ஏஜெண்டுகளின் குரூப்புக்கு அனுப்புவோம். பார்ப்பவர்கள் கேட்ட கேள்விகளையும் அதற்கு வந்த பதில்களையும் எழுத்தாக்கி வெப்சைட்டில் போட்டேன். காலண்டர் அட்டையைத் தூக்கிக் காட்டும் நொடியை நிறுத்திப் படமாக்கினால் அது ஒரு போஸ்டர். பக்கத்துப் பட்டாசு ஆலையில் சரக்கு சோதித்துப் பார்க்கும் சத்தம் நடுவில் வந்துவிடும். அதை மட்டும் அமுக்கிவிடுவேன்.

முதலில் அண்ணாச்சியேதான் பேசினார். கேமராவைப் பார்த்ததும் பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் வரவேற்புரை வாசிப்பவர் மாதிரி ஆகிவிடுவார். ஒரு வாரம் அவர் கோயம்புத்தூர் போக வேண்டியிருந்தது. மாதிரி காட்டும் கவுண்டரில் இருந்த அக்கா ஒருவரைப் பேசச் சொல்லிவிட்டுப் போனார். மல்லாங்கிணறு பக்கம் ஊர் அவருக்கு. முன்பு பைண்டிங்கில் காலண்டரின் தலையில் தகரப் பட்டை அடித்துக்கொண்டிருந்து, பிறகு கவுண்டருக்கு வந்தவர். அவர் கேமராவைக் கடைக்கு வந்த ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"வாங்கண்ணே, வாங்கக்கா. எல்லாரும் சாப்பிட்டீகளா? சாப்பிடாதவுக சாப்பிட்டுக்கிட்டே பாருங்க. காலண்டரு எங்கனயும் ஓடிப் போயிராது."

அதை வெட்டிப் போட்ட அன்று சாயங்காலமே ஏஜெண்டுகள் குரூப்பில் ஆளுக்கு ஆள் அதைச் சொல்லிக் காட்டிக் குரல் பதிவு அனுப்பினார்கள். அதன் பிறகு எல்லா லைவும் அவர்தான். பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கொடுக்கும்போது "சாப்பிட்டீகளாக்கா" என்று கேட்டதாக அந்த அக்கா ஒருமுறை போனில் சொன்னார். பெருமையாகவும் சொல்லவில்லை, குறையாகவும் சொல்லவில்லை.

அந்த சீசன் முழுக்க அவர் குரல்தான் என் காதில். நேரில் பார்த்தது ஓரிரு தடவை இருக்கும். ஆனால் தண்ணீர் தாகம் எடுத்தால் எப்படி நிறுத்துவார், விலை சொல்லும் முன் எப்படி மூச்சு இழுப்பார் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது. இந்தத் தொழிலில் அப்படித்தான். ஆளைத் தெரியாது, அசைவு தெரியும்.

அடுத்த சித்திரை வாக்கில் அவர் வேலையை விட்டார். வேறொரு காலண்டர் கம்பெனியில் விற்பனைக்கே பொறுப்பாளராகக் கூப்பிட்டார்களாம், ஊருக்கே வேன் வருமாம். அண்ணாச்சி கோபப்படவில்லை. என்னைக் கூப்பிட்டு ஒன்றுதான் கேட்டார்.

"பழைய லைவெல்லாம் உங்கிட்ட இருக்குல்ல?"

"இருக்கு அண்ணாச்சி."

"அப்பறம் என்ன? அதை வச்சு ஓட்டு."

போன வருட டிசைன் இந்த வருடத்துக்கு ஆகாது. ஆனால் அட்டை எவ்வளவு கனம் இருக்க வேண்டும், கடைப் பெயர் எந்த நிறத்தில் இருந்தால் தூரத்திலிருந்து தெரியும், எப்போது ஆர்டர் கொடுத்தால் பொங்கலுக்கு முன் கைக்கு வரும் என்று அவர் பேசியவை பழசாகவில்லை. அவற்றைத் தேடி எடுத்தேன். நடுநடுவே அவர் சொன்ன விலையை வெட்டாமல் விட்டுவிட்டேன். முகப்பில் அவருடைய வரவேற்பை ஒட்டினேன். ஆடிப்பெருக்கு முடிந்ததும் வரிசையாகப் போட ஆரம்பித்தேன்.

அதே வாரத்தில் அவரும் புதுக் கம்பெனியில் லைவ் தொடங்கினார். அங்கேயும் "வாங்கண்ணே, வாங்கக்கா"தான். இரண்டு கம்பெனி வீடியோக்களின் கீழேயும் கேள்விகள் வர ஆரம்பித்தன. அக்கா நீங்க எந்தக் கம்பெனி? ரெண்டும் ஒரே கம்பெனியா? நான் அவற்றைப் படித்தேன். பதில் சொல்வது என் வேலையில் இல்லை என்று விட்டுவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் என் வீட்டுக்கு வந்தார். எங்கள் தெருவில் கேட்டு விசாரித்து வந்திருந்தார். காபி கொடுத்தேன். ஒரு மடக்குக் குடித்துவிட்டு நேரே ஆரம்பித்தார்.

"ஏ தங்கச்சி, நான் அங்கன இருந்து வந்து எம்புட்டு நாளாச்சு. நீ இன்னும் என்னை அங்கனயே நிக்க வச்சுப் பேச விட்டுக்கிட்டு இருக்கியே."

"அண்ணாச்சி சொல்ற வேலையத்தானக்கா செய்யுறேன்."

"அது தெரியும். உன்னக் குத்தம் சொல்ல வரல. ராஜபாளையத்து ஜவுளிக்கடைக்காரர் போன் போட்டு வையுறாரு. காலையில ஒரு விலை சொல்றீக, மத்தியானம் ஒரு விலை சொல்றீகன்னு. காலையில சொன்னது உன் வீடியோல இருக்க நானு. எங்க மொதலாளி என்ன, ரெண்டு பக்கமும் வேலை பாக்கீகளான்னு கேக்காரு. நான் என்ன சொல்ல?"

கணினியைத் திறந்து, இதுவரை வெட்டி வைத்திருந்த எல்லாத் துண்டுகளையும் காட்டினேன். அவர் தன்னை அப்படி மொத்தமாகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. முதலில் சேலையைப் பார்த்துச் சிரித்தார். "ஒரே சேலையவா மூணு வாரம் கட்டியிருக்கேன்?" பிறகு சிரிப்பு நின்றது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் கடைசி வரை பார்த்தார்.

பார்த்து முடித்ததும் அவர் எல்லாவற்றையும் அழிக்கச் சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

"அட்டை பத்தி, மை பத்திப் பேசுனதெல்லாம் அங்கன வேலை பாத்துக் கத்துக்கிட்டது. சம்பளம் வாங்கிப் பேசுனது. அது அவுகளுக்கே இருக்கட்டும். வெலை சொல்றத மட்டும் எடுத்துரு, அது யாருக்கும் நல்லதில்ல." நாற்காலியை என் பக்கம் திருப்பிச் சொன்னார்: "ஆனா வாங்க, சாப்பிட்டீகளாங்கறது எங்க வீட்டுல நான் பேசுற பேச்சு. அது எங்கூட வந்துறணும்."

மறுநாள் அண்ணாச்சியிடம் போனேன். ஆபீசில் அவரும் போன் எடுக்கும் பெண்ணும் இருந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"சாப்பிட்டீகளான்னு கேக்குறதுக்கு யாரும்மா பட்டா வாங்கி வச்சிருக்கா? இந்த ஜில்லாவே கேக்குது."

"ஜில்லாவே கேக்கத்தான் செய்யுது அண்ணாச்சி. நம்ம வீடியோல கேக்குற மூஞ்சி அவுகளுது."

"காசு குடுத்துத்தான பேச வச்சோம்?"

அவர் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. போன் எடுக்கும் பெண்தான் நிமிராமலே பேசினாள். "அண்ணாச்சி, வீடியோ பாத்துட்டு போன் பண்றவுக எல்லாம் அந்த அக்காகிட்டக் குடுங்கன்னு கேக்காக. இங்க இல்லைன்னா, இப்ப எங்க இருக்காகன்னு கேக்காக."

"நீ அதுக்கு என்ன சொல்ற?"

"தெரிஞ்சதச் சொல்றேன், அவுக புதுக் கம்பெனிப் பேர."

அண்ணாச்சி ரொம்ப நேரம் மேசை மீதிருந்த ஆல்பத்தைப் புரட்டினார். பிறகு செல்போனை எடுத்து அவரே அந்த அக்காவைக் கூப்பிட்டார். எங்களுக்கு அவர் பக்கத்துப் பேச்சுதான் கேட்டது. நல்லாருக்கியாம்மா. வேன் நேரத்துக்கு வருதா. பையன் பள்ளிக்கூடம் போறானா. ம். ம். சரி. அதுக்கென்ன, எடுத்துறச் சொல்லுதேன். வைக்கும் முன், "நீ போனது எனக்குச் சங்கடந்தாம்மா" என்றார். அதுவரை அவர் அதை யாரிடமும் சொன்னதில்லை.

வரவேற்பையும் விலையையும் எடுத்துவிட்டேன். மீதித் துண்டுகளில் முகத்தை விட்டுவிட்டுக் கையும் அட்டையும் மட்டும் தெரிகிற மாதிரி பெரிதாக்கினேன். குரல் அப்படியே இருந்தது. பார்ப்பவர்கள் பாதிக்கு மேல் குறைந்தார்கள். டிசைன் பிரிவில் இருந்த ஒருவரை அண்ணாச்சி லைவுக்கு நிறுத்தினார். அவர் வணக்கம் சொல்லிவிட்டு நேரே அட்டைக்குப் போய்விடுவார். ஆர்டர் ஏறக்குறைய வழக்கம்போலத்தான் வந்தது. வருடா வருடம் வாங்கும் கடைகள்தான் பெரும்பாலும். அவர்கள் எந்த வீடியோவையும் பார்த்து முடிவு செய்கிறவர்கள் இல்லை போலிருக்கிறது.

கார்த்திகையில் அந்த அக்கா போன் செய்து, அவருடைய கம்பெனி லைவையும் வெட்டித் தர முடியுமா என்று கேட்டார். அண்ணாச்சியிடம் கேட்டேன். "செய்யேன், நம்ம வேலை பிந்தாமப் பாத்துக்க" என்றார். இப்போது இரண்டு கம்பெனிக்கும் செய்கிறேன். அந்த அக்காவின் லைவ் முடிந்த கொஞ்ச நேரத்தில் அவரிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்துவிடும். நடுவில் இருமினேன் எடுத்துரு, அந்தத் தேனிக்காரரு கடன் கேட்டதுக்குச் சொன்ன பதில வெளிய போடாத, முருகன் படத்தக் காட்டுனது நல்லா வந்திருக்கு, அத ஸ்டேட்டஸ் வச்சிரு. அவர் வேண்டாம் என்றவற்றை முதலில் தனியாக ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை வெட்ட ஆரம்பிப்பேன்.