சுள்ளியும் சாப்பாட்டு மேசையும்

என் அக்காவின் கணவரைக் குதிரை லாயத்தில் எல்லோரும் ‘சுள்ளி’ என்பார்கள். ஒடித்து அடுப்பில் வைக்கலாம், அவ்வளவு ஒல்லி. எனக்கு அத்தான். தொழில் ஜாக்கி. வேலி தாண்டுகிற வித்தையெல்லாம் இல்லை, சமதரையில் ஓடுகிற பந்தயம். அவரைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் எனக்குக் கோபம்தான் முந்திக்கொண்டு வரும். பாசம் மெதுவாகத்தான் வந்து சேரும்.

கல்யாணமான புதிதில் அவர் காட்டில் மழை. அடுத்தடுத்து ஜெயித்தார். பேப்பரில் படம் வந்தது. முகம் தெரியாதவன்கூடத் தெருவில் நிறுத்திக் கை கொடுத்தான். ஆனால் குதிரைமேல் ஏறுவதற்கு முன்னால் ஜாக்கியைச் சேணத்தோடு சேர்த்து நிறுப்பார்கள். சொன்ன எடைக்கு மேல் போனால் குதிரை வேறொருவனுக்குப் போய்விடும். அதனால் காலையில் ஒரு முட்டை, ராத்திரி பாலில்லாத தேநீர். அதுதான் மனிதருக்குச் சாப்பாடு.

பசியோடு இருக்கிறவர் எதிரில் யாருக்குச் சோறு இறங்கும்? அக்கா சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, நின்றபடியே நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொள்வாள். வெங்காயம் வதக்கமாட்டாள், வாசனை கூடத்துக்கு வந்துவிடுமாம். மகளுக்கு ஊட்டுவதும் கதவுக்குப் பின்னால்தான். “சத்தமா மெல்லாதடி, அப்பா இருக்காரு” என்பாள். அந்தக் குழந்தை ஒழுங்காகப் பேசக் கற்பதற்கு முன்பே சத்தமில்லாமல் மெல்லக் கற்றுக்கொண்டது.

பிறகு ஒரு குதிரை இடறி விழுந்ததில் அத்தானுக்குத் தோளெலும்பு முறிந்தது. படுத்துக் கிடந்த மாதங்களில் உடம்பு போட்டுவிட்டது. வீட்டு வாசல்வரை வந்து கூப்பிட்ட குதிரைக்காரர்கள் பார்த்தும் பார்க்காத மாதிரி போனார்கள். பழைய டிரெய்னர் ஒருவர் மட்டும் ஒரு செவலைப் பெண் குதிரையைக் கொடுத்தார். அது யாரையும் முதுகில் இருக்க விடாது. அத்தானிடம் மட்டும் பூனைக்குட்டி. இரண்டும் சேர்ந்து பெரிய பந்தயம்வரை வந்துவிட்டன. அதில் ஓட்ட அவர் பழைய சுள்ளியாக வேண்டும்.

“இது ஒண்ணு ஜெயிச்சுட்டேன்னா மூட்டை கட்டிடறேன். அப்புறம் நாம மூணு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடலாம்” என்று அக்காவிடம் சொன்னார்.

அக்கா மறுநாளே என் பட்டறைக்கு வந்தாள். நான் மரவேலை செய்கிறவன். “தம்பி, ஒரு சாப்பாட்டு மேசை செஞ்சு குடுடா” என்றாள். அவள் என்னிடம் வாய்விட்டு எதையும் கேட்டதே இல்லை. குழந்தை இடித்துக்கொள்ளாதபடி மூலைகளை உருட்டி இழைத்துக் கொடுத்தேன்.

அத்தான் பிளாஸ்டிக் கோட்டு மாட்டிக்கொண்டு வெயிலில் ஓடினார். வெந்நீர்த் தொட்டியில் கிடந்தார். பந்தயத்தன்று பனிக்கட்டியைச் சப்பிவிட்டு, அந்தத் தண்ணீரையும் துப்பினார். தராசு முள் சரியாக நின்றது.

அந்த மைதானத்தில் இரண்டு வெள்ளைக் கம்பங்கள் உண்டு. முதலாவது தூரக் கணக்குக்கு. அடுத்ததுதான் முடிவுக் கம்பம். அங்கே புல் வெட்டுகிறவனுக்கும் தெரியும். செவலை தனியாக முன்னால் வந்தது. முதல் கம்பம் தாண்டியதும் அத்தான் அங்கவடியில் காலூன்றி எழுந்து நின்று, கடிவாளத்தை இழுத்துப் பிடித்துவிட்டார்! பட்டினிக் கண்ணுக்கு ஒரு கம்பம்தான் தெரிந்ததாம். கூட்டம் பதறிக் கத்தியதைப் பாராட்டு என்று எண்ணி, கையை வேறு தூக்கிக் காட்டினார். இரண்டு குதிரைகள் அவரைக் கடந்து போயின.

முடிவுக்கு முன்னாலேயே குதிரையை நிறுத்தியதற்காக, கொஞ்ச காலம் ஓட்டக் கூடாது என்று தடை விதித்தார்கள். அது முடிந்ததும், “போதும், விட்டுடுங்க அத்தான்” என்றேன்.

“இந்தப் பேரோட எப்படி மச்சான் எறங்குவேன்? ஒரே ஒரு நல்ல ஜெயிப்பு. அதுக்கப்புறம் பாரு.”

எங்கே பார்ப்பது? யாரும் சீண்டாத குதிரைகளில் ஏறி, வருஷக்கணக்காகக் கடைசியில் வந்தார். நான் செய்து கொடுத்த மேசைமேல் சேணமும் பூட்ஸும் கிடந்தன. மகள் வளர்ந்து கல்யாணமாகிப் போனாள். ஒருநாள் அந்தத் தோளே இனி முடியாது என்று அவரை இறக்கிவிட்டது.

அதற்குப் பிறகு மகளும் மருமகனும் வந்தபோது, சேணத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு மேசையை அத்தானே துடைத்தார். என்னையும் கூப்பிட்டிருந்தார். அக்கா தாராளமாக வெங்காயம் வதக்கி மீன் வறுத்திருந்தாள். ஆனால் உட்காரச் சொன்னால், “அடுப்பப் பாத்துட்டு வரேங்க” என்று உள்ளேயே நின்றாள். மகள் உட்கார்ந்தாள். இடது கையைத் தட்டுக்கு முன்னால் மறைப்பாக வைத்துக்கொண்டு, குனிந்து, சத்தமே இல்லாமல் மென்றாள்.

மருமகன் சிரித்தான். “எங்க வீட்லயும் இப்படித்தான் மாமா. என் எதிர்ல சாப்பிடவே மாட்டா. கதவச் சாத்திக்குவா. ஏன்னு கேட்டா அவளுக்கே தெரியல.”

அத்தானுக்குத் தெரிந்தது. அவர் தட்டிலிருந்த மீன் அப்படியே இருந்தது.

“எனக்குப் போதும்மா. நீ நிதானமா சாப்பிடு” என்று எழுந்து கை கழுவினார். பின்வாசல் படியில் போய் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து அக்கா வந்து அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தாள். மகள் தட்டை மறைத்திருந்த கையை எடுத்தாள்.