மண் சரிந்த மலைக்கு ஒரு தை மாதப் பயணம்

சென்ற தை மாதம் மறையூர் வழியாக மலைக்குப் போய்வந்தேன். ஊர் பார்க்கப் போகவில்லை. என் தங்கை பழனியம்மாளைக் கீழே அழைத்துவரப் போனேன். ஆடி வெள்ளத்தில் மூணாற்றுப் பக்கம் ரயில் பாதையும் பாலங்களும் அடித்துக்கொண்டு போன சங்கதி எல்லாருக்கும் தெரியும். அவள் புருஷன் சின்னச்சாமி வேலை பார்க்கும் தேயிலைத் தோட்டத்திலும் மலையின் ஒரு பக்கம் சரிந்து, தொழிலாளிகள் குடியிருந்த லயத்தை மூடிவிட்டது. என் தங்கையின் ஒரே மகள் வள்ளியும் அதற்குள் போய்விட்டாள். நாலு வயதுக் குழந்தை. எத்தனை தோண்டியும் கிடைக்கவில்லை. தோட்டத்தின் பெயரை எழுத வேண்டாமென்று மாப்பிள்ளை கேட்டுக்கொண்டார், எழுதவில்லை.

பாதை சீராகட்டும் என்று தை வரை காத்திருந்தோம். இதற்கு நடுவே, ஆவணியில் செவ்வாய்க் கிரகம் பூமிக்கு வெகு அருகே வந்தது. அங்கே மனிதர்கள் உண்டா என்று பத்திரிகைகள் பத்தி பத்தியாக எழுதின. ஒரு கிரகத்தில் உயிர் தங்க வேண்டுமானால் என்னென்ன தேவை என்று ஒரு கட்டுரையில் படித்தேன். சூரியனிலிருந்து அளவான தூரம் வேண்டும். தண்ணீர் ஆவியாகவும் போகாமல் கட்டியாகவும் உறையாமல் தண்ணீராகவே இருக்கும்படி வெப்பம் வேண்டும். அந்த வெப்பம் ஓடிப்போகாமல் பிடித்துவைக்கக் காற்று வேண்டும். வேர் பிடிக்க மண் வேண்டும். படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. ஆகாயத்தில் எங்கேயோ கிடக்கிற கிரகத்தில் குடியிருக்க முடியுமா என்று இத்தனை பேர் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். என் தங்கை இருக்கிற மலையில் இனிக் குடியிருக்க முடியுமா என்று கேட்க ஒருவருமில்லை. ஆனாலும் அந்தக் கட்டுரை மனதைவிட்டுப் போகவில்லை. வழி முழுக்க அதுதான் கூட வந்தது.

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கம். அங்கிருந்து பொள்ளாச்சி பதினைந்து மைல். சொந்த வண்டியில் போய்விட்டேன். பொள்ளாச்சியிலிருந்து உடுமலைப்பேட்டைக்கு மோட்டார் பஸ், எட்டணா. தூசி தாங்காதவர்கள் டிரைவருக்குப் பக்கத்து இடத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உடுமலையிலிருந்து சின்னாறு பதினெட்டு மைல். விடியற்காலை வாடகை வண்டியில் புறப்பட்டால் மாலைக்குள் போய்ச் சேரலாம். வண்டிக்காரர் இரண்டு ரூபாய் கேட்டார். பேரம் பேசும் மனநிலையில் நான் இல்லை.

"ஏனுங்க, இந்நேரத்துல மேல எதுக்குங்க போறீங்க? சனமெல்லாம் கீழயல்லங்க வந்துட்டிருக்குது" என்றார் அவர்.

"தங்கச்சியக் கூட்டியாறதுக்குங்க."

"சீக்கிரமாக் கூட்டியாந்துருங்க. அந்த மலை இனி மனுசனுக்கு ஆகாதுங்க."

சின்னாற்றில் திருவாங்கூர் சுங்கச் சவுக்கை இருக்கிறது. மூட்டையை அவிழ்த்துப் பார்ப்பார்கள். புகையிலை வைத்திருந்தால் தொல்லை. சுற்றிலும் முள்ளும் கள்ளியும்தான். மலையைத் தாண்டி வரவேண்டிய மழை அந்தப் பக்கமே பெய்துவிடுவதால், இங்கே வெயில் காய்கிற காய்ச்சலில் தரை வெடித்துக் கிடக்கிறது. மண்ணுக்கும் வெயிலுக்கும் குறைவில்லை, தண்ணீர்தான் இல்லை. அதனால் சவுக்கைக்காரர்களைத் தவிர ஒரு குடும்பத்தைக்கூட அங்கே பார்க்கவில்லை.

மறுநாள் நடை. பத்து மைலில் மறையூர். மலையிலிருந்து வாய்க்கால் இறங்குகிறது. அது போகிற இடமெல்லாம் நெல்லும் கரும்பும். பாறைமேட்டில் பெரிய பெரிய பலகைக் கற்களால் கட்டிய பழைய அறைகள் சில நிற்கின்றன. அதில் யார் இருந்தார்கள், ஏன் போனார்கள் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. எல்லாம் இருக்கிற இடத்தைவிட்டும் ஜனங்கள் போயிருக்கிறார்கள் என்று நினைத்தபோது எனக்கு மனசு கனத்துவிட்டது. அன்று மறையூரில் ஒரு வெல்லம் காய்ச்சுகிறவர் வீட்டில் தங்கினேன்.

அடுத்த நாள் பன்னிரண்டு மைல் ஏற்றம். நடக்க நடக்கக் காற்று மெலிந்தது, மூச்சு வாங்கியது. செவ்வாயில் காற்று இதையும்விடப் பன்மடங்கு மெலிசு என்று அந்தக் கட்டுரை சொன்னது. தேயிலை தொடங்குகிற இடத்தில் குளிரும் தொடங்கிவிட்டது. பிற்பகல் மூன்று மணிக்குத் தோட்டத்தை அடைந்தேன். முதலில் கண்ணில் பட்டது அந்தச் சரிவுதான். மேலிருந்து கீழ்வரை செக்கச்செவேலென்று, ஒரு புல்கூட இல்லாமல் கிடந்தது. நடுவில் ஒற்றையடிப் பாதை. சரிவை ஒட்டி ஃபாக்டரியின் பின்சுவர் மட்டும் தப்பி நின்றது. அந்தச் சுவரை ஒட்டித்தான் பழைய லயம் இருந்திருக்கிறது.

புதிய லயம் எதிர்மேட்டில். தங்கை வாசலில் நின்றிருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள்.

"வாங்கண்ணா" என்றாள். அழவில்லை.

"உன்னையக் கூட்டிட்டுப் போலாம்னுதான் வந்தனம்மிணி. அம்மா உனக்காகவே காத்துட்டுக் கெடக்குது."

"செத்த பொறுங்கண்ணா. லயத்துக்காரங்க முளைப்பாரி போட்டிருக்கறாங்க. சரிஞ்ச மண்ணெடுத்துத்தான் போட்டிருக்குது. முளைச்சா நான் இங்கியே இருந்துக்கறன். முளைக்கலீன்னா மறுபேச்சில்லாம உங்ககூட வந்தர்றன்."

அந்த லயத்துக்காரர்கள் திருநெல்வேலி, மதுரைப் பக்கத்தவர்கள். மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு, மண்ணும் தொழுவத்து எருவும் இட்ட சட்டிகளில் நவதானியம் தூவி, இருட்டறையில் வைத்து முளைக்கவிடுவார்கள். அந்த அறைக்குள் விரதமிருக்கும் பெண்களைத் தவிர யாரும் போகக் கூடாது. அடுப்பெரிக்கக் கூடாது. தினமும் தண்ணீர் தெளித்துக் கும்மி கொட்டுவார்கள். பயிர் செழித்தால் ஊர் செழிக்கும் என்பது நம்பிக்கை. இந்த வருஷம் அந்த நம்பிக்கையை ஒரே கேள்வியாக்கிவிட்டார்கள்: இங்கே இருப்பதா, போவதா? லயம் காலியானால் மாப்பிள்ளை மட்டும் வேலைக்காக இருப்பார். அவர் ஃபாக்டரிக்குப் போனபின் ஆளில்லாத லயத்தில் தங்கை தனியே இருக்க முடியாது.

விரதத்தை முன்நின்று நடத்தியவர் பேச்சியம்மாள், கொழுந்து பறிக்கிறவர். வெள்ளத்தில் அவரும் இரண்டு பேரப்பிள்ளைகளைப் பறிகொடுத்தவர். நான் விசாரித்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பச்சப் பிள்ளையள முழுங்குன மண்ணுய்யா. அது பயிரக் குடுக்குமா? ஏழு நாளாச்சு, ஒரு முளைகூட எட்டிப் பாக்கல. நாளைக்கும் பாத்துட்டு நாங்க போடிக்கு எறங்கிருதோம்."

உள்ளதைச் சொல்கிறேன். எனக்கு உள்ளூர நிம்மதியாகத்தான் இருந்தது. நான் வந்த காரியம் தானாகவே முடிந்துவிட்டது. வண்டிக்காரருக்கு எந்தத் தேதிக்குச் சொல்லி அனுப்பலாம் என்றுகூடக் கணக்குப் போட்டேன்.

மறுநாள் காலை முகம் கழுவப் போனால், வாளித் தண்ணீர்மேல் கண்ணாடி போல ஓர் ஏடு. விரலால் குத்தினால் உடைந்தது. புல்லெல்லாம் வெள்ளை வெளேரென்று உறைபனி. எங்கள் ஊர்க்காரன் பிறந்ததிலிருந்து காணாத காட்சி. செவ்வாயின் இரு முனையிலும் வெள்ளையாகத் தெரிவது இதுதான் என்று படித்திருந்தேன். தண்ணீர் அங்கேயும் இருக்கிறதாம். கட்டியாக இருப்பதால் எதற்கும் உதவவில்லையாம்.

குளிர் தாங்காமல் மாப்பிள்ளையோடு ஃபாக்டரிக்குப் போனேன். தேயிலை காயவைக்கும் அடுப்பைப் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை. இரவும் பகலும் அது எரிகிறது. பின்சுவரில் முதுகைச் சாய்த்தேன். இதமான சூடு. சட்டைக்குள் இறங்கி எலும்புவரை போனது. அப்போதுதான் எனக்கு ஏதோ தட்டுப்பட்டது.

"மாப்ளே, போன வருசம் முளைப்பாரிய எங்க வெச்சாங்க?"

"இந்தச் செவுத்துக்கு அந்தப் பக்கத்து ரூம்புலதானுங்க மச்சான். லயத்துல கடைசி ஊடு அது. எந்த வருசமும் அங்கதான் வெப்பாங்க."

நான் விவசாயி. குளிர்ந்த மண்ணில் விதை உறங்கும் என்பது எனக்குத் தெரியும். கீழே நாட்டில் மூடிய இருட்டறை தானே கதகதப்பாக இருக்கும், அடுப்பு தேவையில்லை. அந்த வழக்கத்தை அப்படியே மலைக்குக் கொண்டுவந்தவர்களுக்கு, இத்தனை வருஷமும் இந்தச் சுவர் துணை நின்றிருக்கிறது. அது அவர்களுக்கே தெரியவில்லை. இப்போது எதிர்மேட்டில், அடுப்பில்லாத அறையில், தை மாதத்துக் குளிரில் வைத்துவிட்டு மண் செத்துவிட்டது என்கிறார்கள்.

வாயைத் திறக்க எனக்கு மனமில்லை. சொன்னால் அவள் வரமாட்டாள். அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஆனால் சொல்லாமல் அழைத்துப்போனால், தன் குழந்தையை மூடியிருக்கும் மண் சபிக்கப்பட்ட மண் என்று என் தங்கை சாகும்வரை நம்புவாள். அந்த நினைப்பு எனக்குப் பொறுக்கவில்லை. நேரே போய் அவளிடம் சொன்னேன்.

பழைய லயம் இருந்த இடத்தில் ஆடிக்குப் பிறகு அவள் கால் வைத்ததேயில்லை. ஆனாலும் எழுந்து பேச்சியம்மாளிடம் போனாள். நான் சற்றுத் தள்ளி நின்றேன்.

"வச்ச முளைப்பாரிய எடம் மாத்துத வழக்கம் கெடையாதும்மா" என்றார் பேச்சியம்மாள்.

"எடம் மாத்தறதில்லீங்கக்கா. அதுக்கு அந்தச் செவுத்தோரந்தான எடம்? நாமதான இங்க மாத்தி வெச்சுட்டம்."

"அங்க போயி நம்மளால உக்கார முடியுமா?"

"நான் மொதல்ல உக்காந்துக்கறன்" என்றாள் என் தங்கை.

பேச்சியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சட்டிகள் இருந்த அறைக்குப் போனார்.

ஆண்கள் சுவரை ஒட்டி மூங்கில் நட்டு, பாயும் சாக்கும் கட்டி இருட்டாக்கிக் கொடுத்துவிட்டு விலகினோம். பெண்கள் சட்டிகளைத் தலையில் வைத்துச் சரிவைக் கடந்தார்கள். முதலில் போனவள் பழனியம்மாள். உள்ளேயிருந்து வெகுநேரம் அழுகைதான் கேட்டது. ஆறு மாதமாகக் கல்லாயிருந்தவள் அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதாள். அதற்குப் பிறகு கும்மி தொடங்கியது.

அதன்பின் மூன்று நாள் நான் எதையும் செய்யவில்லை. முளைக்க வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன். அது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. நாலாம் நாள் காலை பேச்சியம்மாள் சாக்கை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். என்னைப் பார்த்து, "வந்துட்டுய்யா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். கன்னம் நனைந்திருந்தது.

விரதம் முடிகிற அன்று சட்டிகளை வெளியே எடுத்தபோதுதான் நான் பார்த்தேன். இருட்டில் வளர்ந்ததால் பயிர் வெளுத்த மஞ்சளாக, ஒரு சாண் உயரத்துக்கு நின்றது. எல்லாரும் தங்கள் சட்டியை ஓடையில் கரைத்தார்கள். தங்கை மட்டும் கரைக்கவில்லை. சரிவில் ஒரு குழி பறித்து, மண்ணோடு பெயர்த்து அங்கே வைத்தாள். பேச்சியம்மாள் தடுக்கவில்லை. இரவு பனியில் கருகிவிடுமே என்று நான் சொன்னதும் என் கம்பளியைக் கேட்டாள், கொடுத்துவிட்டேன். அந்தியில் அதைப் போட்டு மூடுகிறாள், விடிந்து வெயில் வந்ததும் எடுக்கிறாள். மூன்றாம் நாள் நான் புறப்படும்போது மஞ்சள் மாறிப் பச்சை பிடித்திருந்தது.

"அம்மாகிட்ட என்னன்னு சொல்லட்டும்?" என்று கேட்டேன்.

"நல்லா இருக்கறன்னு சொல்லுங்கண்ணா. வைகாசிக்கு வர்றன்னு சொல்லுங்க."

தனியாகத்தான் இறங்கினேன். செவ்வாயில் உயிர் உண்டா என்பது எனக்குத் தெரியாது. பெரியவர்கள் கண்டு சொல்லட்டும். தண்ணீர், காற்று, மண், அளவான சூடு, நாலும் வேண்டும் என்று அந்தக் கட்டுரை சொன்னது சரிதான். இருக்கிற சூட்டைப் போகவிடாமல் மூடிவைக்க அந்தியில் ஒருவர் வர வேண்டும் என்பதையும் நான் சேர்த்துக்கொள்வேன். வண்டிக்காரரிடம் மலை மனுஷனுக்கு ஆகும் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை.

இந்த வழியே போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். சின்னாற்றில் குடிதண்ணீரை நம்பாதீர்கள், உடுமலையிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். மறையூரில் அரிசியும் வெல்லமும் கிடைக்கும். அதற்கு மேலே ஒன்றும் கிடைக்காது. ஏற்றத்தில் அவசரப்படாமல் நின்று நின்று போங்கள். தை, மாசியில் போவதானால் ஆளுக்கு இரண்டு கம்பளி வேண்டும். ஒன்று திரும்பி வராமலும் போகலாம். தோட்டத்துக்குச் சற்று முன்னால் அந்தச் சிவந்த சரிவைக் கடக்க வேண்டியிருக்கும். பாதைக்கு இடப்புறம், முறத்தளவு இடத்தில் பச்சையாகக் கொஞ்சம் பயிர் தெரியும். தெரியாமல் அதன்மேல் கால் வைத்துவிடாதீர்கள். வள்ளி அங்கே இருக்கிறாள்.