இரும்புப் பட்டை போட்ட ஓடம்

வைகையில் வருஷத்தில் பாதி நாள் மணல்தான் ஓடும். அப்படிப்பட்ட சீமையில், செல்லூருக்கு வடக்கே ஒரு கிராமத்தில், வண்டிச் சக்கரம் செய்து பிழைக்கிற என் தாய்மாமன் மரத்தில் ஓடம் கட்டக் கிளம்பினார் என்றால் ஊர் சும்மா இருக்குமா? பட்டறையைக் கடந்து போகிறவர்கள் எல்லாரும் நின்று, "ஏண்ணே, கடலு எப்ப வருது?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். மாமா வாயில் கவ்விய ஆணியை எடுக்காமலே சிரிப்பார்.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு ஒன்றிரண்டு வருஷம் முன்பு. எனக்கு எட்டு வயது.

அத்தை தலைப்பிரசவத்துக்குப் பிறந்த வீடு போயிருந்தாள். அவள் ஊர் எங்கள் கண்மாய்க்கு அக்கரை. பிள்ளைக்குப் பேர் வைத்த அன்று, பந்தியில் எல்லார் முன்னாலும், மாமா செய்து கொடுத்த சக்கரம் ஆடுகிறது என்று அத்தையின் அண்ணன் சொல்லப்போக, "சக்கரம் ஆடல மச்சான், உங்க மாடுதான் கோணிக்கிட்டு நடக்குது" என்று மாமா சொல்லிவிட்டார். மனுஷனைச் சொன்னால் பொறுத்துக்கொள்வார்கள். மாட்டைச் சொன்னால் பொறுப்பார்களா? "இனிமே எங்க ஊரு மண்ணுல காலை வச்சுப் பாரும்" என்றார் அவர். "சத்தியமா வைக்கல" என்று மாமாவும் பாதிச் சாப்பாட்டில் இலையை மடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

ஐந்தாம் மாதம் வந்தது. தாயையும் பிள்ளையையும் அழைத்து வர வேண்டும். "கட்டுனவரு நேர்ல வந்து கேக்கட்டும், அனுப்புறேன்" என்று அக்கரையிலிருந்து சொல்லிவிட்டார்கள். நேரில் போகலாம் என்றால் கால் வைக்கக் கூடாது. "நான் போயிக் கூட்டியாரேண்டா" என்று அம்மா கெஞ்சினாள். "நீ போனா நான் தோத்ததா ஆயிரும்க்கா." அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அக்கரையிலிருந்து மோர் விற்க வருகிறவள், "பிள்ளை குப்புற விழுந்துருச்சு" என்றும், "முகம் பாத்துச் சிரிக்குது" என்றும் சேதி கொண்டுவரும் நாட்களில், மாமா ஒரே பலகையை மத்தியானம் வரை இழைத்துக்கொண்டிருப்பார். கால் முழங்கால் வரை மரச்சுருள் ஏறிக் கிடக்கும்.

அந்த வருஷம் நல்ல மழை. கண்மாய் நிரம்பி, கருவேல மரங்கள் கழுத்தளவு தண்ணீரில் நின்றன. ஒருநாள் கரையில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்த மாமா, "தண்ணி யாரு ஊரு மண்ணும் இல்லையேக்கா" என்றார்.

ஓடத்தை அவர் கண்ணால் கண்டதில்லை. முதலில் விழுந்து கிடந்த பனையின் உள்ளே மெத்தென்றிருக்கும் சோற்றைப் போக்கிக் குடைந்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் தொட்டி மாதிரி ஒன்று செய்தார். மிதந்தது. மாமா ஏறியதும் உருண்டது. நிமிர்த்தி ஏறினார், மறுபடி உருண்டது. கரையில் நின்ற கூட்டத்துக்கு அன்று நல்ல பொழுது. அப்புறம் இரண்டு பனையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குறுக்குக் கட்டை அடித்தார். அது உருளவில்லை. ஆனால் எப்படி ஊன்றித் தள்ளினாலும் செக்கு மாடு போல ஒரே இடத்தைச் சுற்றியது.

மூன்றாவதாகப் பலகை. மாம்பலகையைக் கண்மாய்ச் சேற்றில் புதைத்து ஊறவைத்து, ஒரு பக்கம் ஓலைத் தீயும் மறுபக்கம் ஈரச்சாக்குமாகக் காட்டி, கல்லை ஏற்றி வளைத்தார். அதை இறுக்கிப் பிடிக்க அவருக்குத் தெரிந்த வித்தை ஒன்றே ஒன்று: சக்கரத்துக்குப் பட்டை போடுவது. வரட்டியை வட்டமாக அடுக்கிக் கொளுத்தி, இரும்புப் பட்டையைச் சிவக்கக் காய்ச்சி, மூக்குப் பக்கமாக மாட்டி நடுவில் வரை அடித்து இறக்கித் தண்ணீரை ஊற்றினால், இரும்பு சுருங்கிக் கவ்விக்கொள்ளும். கவ்வியது. ஓடம் நடுவில் மளாரென்று ஒடிந்தது. "சக்கரத்துக்கு உள்ள ஆரக்கால் தாங்குது. இதுக்கு வயித்துல ஒண்ணுமில்லையே" என்று மாமா ஒடிந்த பலகையிடமே சொன்னார். அடுத்ததற்கு வயிற்றில் குறுக்குக் கட்டைகளைக் கொடுத்துப் பட்டையையும் சற்றுத் தளர்த்திப் போட்டார்; நின்றது.

இணைப்புக்குச் சுண்ணாம்பும் வெல்லமும் அரைத்துப் பூசினார், வீட்டுச் சுவருக்குப் பூசுவதுபோல. காலையில் போய்ப் பார்த்தால் ஊர் எறும்பு முழுக்க ஓடத்தில் குடியிருந்தது. கடைசியில் செல்லூர்த் தறிகளிலிருந்து கழிவு நூலை வாங்கி வந்து, திரியாக முறுக்கி இடுக்கில் செருகி, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி மேலே ஊற்றினார். மூன்று நாள் தண்ணீரில் போட்டுவைத்தோம். உள்ளே ஒரு சொட்டு இல்லை.

ஒருவர் பின்னால் உட்கார்ந்தால் மூக்கு மேலே தூக்கியது. முன்னால் கனத்துக்கு ஒரு ஆள் வேண்டும். அந்தக் கனம் நான். "என் பிள்ளையைத் தண்ணியில போட்டுறாதடா" என்றாள் அம்மா. "மருமகளை நான் போடுவனாக்கா?"

அந்தக் காலையை நான் இன்னும் கனவில் காண்கிறேனா, நினைவில் காண்கிறேனா என்று எனக்கே நிச்சயமில்லை. கழி ஊன்றும் சத்தம்கூடக் கேட்கவில்லை. எனக்குக் கீழே வானம் இருந்தது. நாங்கள் போகப் போக அது மடிந்து மடிந்து விலகியது. கோடையில் நான் ஆட்டுக்குட்டியை விரட்டிக்கொண்டு ஓடிய வண்டித்தடம் தண்ணீருக்குள் அப்படியே கிடந்தது. அதன்மேல் மீன் குஞ்சுகள் வரிசையாகப் போயின, சந்தைக்குப் போகிற வண்டிகள் மாதிரி. ஒரு கருவ மரத்தின் உச்சிக்கிளை என் கைக்கு எட்டியது. அதில் உட்கார்ந்திருந்த கொக்கு எங்களைப் பார்த்துவிட்டுப் பறக்காமல் இருந்தது. நாங்கள் நிஜம் என்று அதற்குத் தோன்றவில்லை போலிருக்கிறது.

அக்கரையில் துவைகல் பக்கம் அத்தை பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு முன்னால் அவள் அண்ணன், கையைக் கட்டிக்கொண்டு. மாமா கரைக்கு நாலு ஆள் நீளம் தள்ளியே கழியை ஊன்றி நிறுத்தினார்.

"மச்சான், கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்."

"எங்க நின்னு கேக்குறீரு?"

"தண்ணியில."

"தண்ணிக்கு அடியில கெடக்குறது எங்க மண்ணுதான்."

"அதுல நான் நிக்கலையே."

துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "கரையேறிக் கேட்டா அனுப்புறேன். இல்லாட்டி வந்த தடத்துலயே போம்" என்றார். மாமா பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது கையிலிருந்த துணியை வாயில் வைத்து, எடுத்து, எங்களைப் பார்த்துச் சிரித்தது. யாரைப் பார்த்து என்று சொல்ல முடியாது.

என் பாதம் நனைந்தது. திரும்பிப் பார்த்தேன். மாமாவின் வலதுகால் கட்டைவிரல் இடுக்கிலிருந்த நூல் திரியில் இருந்தது. அதைச் சுற்றித் தண்ணீர் குமிழியிட்டு வந்தது. "மாமா, தண்ணி" என்றேன். "ஆழமில்ல மருமகளே, பயப்படாத" என்றார். விரல் மட்டும் நிற்கவில்லை. எருமை படுப்பதுபோல ஓடம் நிதானமாகப் படுத்தது. இரும்பின் கனம் அதை இழுத்துக்கொண்டது. மாமா மார்பளவு தண்ணீரில், அந்த ஊர் மண்ணில், என்னைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றார்.

அத்தையின் அண்ணன் வேட்டியோடு இறங்கி ஓடி வந்தார். ஒரு கையால் என்னை வாங்கிக்கொண்டு மறுகையால் மாமாவின் கையைப் பிடித்தார். "முங்குற ஆளு காலை ஊன்றாம என்ன செய்வாக? மேல வாங்க மாப்ள" என்றார்.

பொழுது சாய அவர்கள் வீட்டில் அயிரை மீன் குழம்பு. மாமா மடியில் பிள்ளை. அவர் ஒரு கையால்தான் சாப்பிட்டார், மற்றதை அது விடவில்லை. "என்ன மாப்ள, உம்ம ஓடமும் ஆடுது போலயே" என்று அத்தையின் அண்ணன் சீண்டினார். எனக்குப் பொறுக்கவில்லை. "மாமா மேல தப்பில்ல. அவரு கடைசி வரைக்கும் கட்டைவிரலால திரியை நோண்டிக்கிட்டேதான் இருந்தாரு, தண்ணியை நிப்பாட்ட" என்றேன்.

மாமா இலையையே பார்த்தார். அத்தையின் அண்ணன் மாமாவையே பார்த்தார். அப்புறம், "இன்னொரு கரண்டி ஊத்து தாயி, மாப்ள ரொம்பப் பாடுபட்டிருக்காக" என்றார். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள். அவள் தோள் குலுங்கியது.

எனக்குக் கோபமாக வந்தது. அந்த வீட்டில் மாமாவுக்காகப் பேச என்னை விட்டால் ஆளில்லை என்று நினைத்துக்கொண்டு, அதையே இன்னும் சத்தமாக மறுபடி சொன்னேன்.