ஈர விறகு

இந்தக் குளிர்தேசத்தில், எங்கள் குட்மேய்ஸ் வாடகை வீட்டில், அறைகளைச் சூடாக்கும் பாய்லர் செத்துப்போயிருந்தது. வீட்டுக்காரன் நாளைக்கு நாளைக்கு என்றான். கரண்ட் ஹீட்டரைப் போட்டால் பியூஸ் போனது. மாதம் நிறையாமல் பிறந்த எங்கள் மகளோ ஆஸ்பத்திரியில். அறை சூடாக இருந்தால்தான் பிள்ளையை வீட்டுக்கு விடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். மிஞ்சியது முன்னறையின் பழைய கணப்பு அடுப்பு ஒன்றுதான்.

அந்த இலையுதிர்காலப் புயல் தெருவெல்லாம் மரங்களைச் சாய்த்திருந்தது. என் கணவர் வேலை முடிந்து வரும்போதெல்லாம் கட்டைகளைச் சுமந்துவந்து பின்வளவில் போட்டுக் கொத்தினார். மழை தொடங்கியதும் சுவரோடு நெருக்கி அடுக்கி, தறப்பாளால் நாலு பக்கமும் போர்த்து, கயிற்றால் வரிந்து கட்டினார்.

"மாரிக்கு இப்பிடித்தானே மூடுறது. ஒரு சொட்டும் இறங்காது, பாருமன்!"

ஊரில் மழைக்கு மூடுவது வெயிலில் கிடந்து முறுகக் காய்ந்த விறகை. இதுவோ புயலில் அப்போதுதான் விழுந்த பச்சை மரம். காற்றும் படாமல் பொத்தி வைத்தால் எப்படிக் காயும்?

நர்ஸ் அறையைப் பார்க்க வரும் நாள் காலையில் தறப்பாளை அவிழ்த்தார். குப்பென்று நாற்றம். கட்டையெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சணம்.

"ஐயோ, இதென்ன கோதாரி!" என்று கத்தினேன்.

வேறு வழியில்லாமல் அதையே கொளுத்தினோம். கட்டை சீறியது, முனையில் நுரை தள்ளியது, சூடு மட்டும் வரவில்லை. புகை அறையை நிறைத்தது. மனிசன் முழங்காலில் நின்று கண் சிவக்கச் சிவக்க ஊதினார்.

நர்ஸ் இருமிக்கொண்டே வந்து ஜன்னலைத் திறந்தாள். இருந்த கொஞ்சச் சூடும் போனது. நல்ல பெண் அவள். திட்டியிருந்தால் நானும் திருப்பிக் கத்தியிருப்பேன். "பிள்ளை இன்னும் கொஞ்ச நாள் எங்களோடு இருக்கட்டும்" என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போனாள்.

"அடுத்த கிழமைக்குள்ளை காய்ஞ்சிடும்" என்றார் இவர்.

"நீங்களும் உங்கடை விறகும்! வாயை மூடுங்கோ!"

மூடினார். பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

வார்டில் நல்ல சூடு. பிள்ளை விழித்திருந்தாள். அவர் குனிந்து அவள் காலைத் தொடப் போனார். பக்கத்தில் நின்ற வேறொரு தாதி அவர் கையைப் பிடித்துப் பார்த்து, "ஐஸ் மாதிரி இருக்கிறது, சூடாக்கிவிட்டுத் தொடுங்கள்" என்றாள். போய் ஜன்னலடியில் அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று தெரிந்தும் நான் கிட்டப் போகவில்லை. எனக்கு எல்லாமே வெறுத்துப்போயிருந்தது. பார்வையாளர் நேரம் முடிந்தது என்று எங்களை வெளியே அனுப்பும்வரை அவர் அங்கேயே நின்றார், பிள்ளையைத் தொடவேயில்லை.