வெள்ளம் கொண்டுவந்த வண்டல்

ஜஹானாராவுக்கு வாய் நீளம். பெருங்களத்தூர் பக்கம் நர்சரி வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் முதலில் அதைத்தான் சொல்வார்கள். அப்புறம், வேண்டாவெறுப்பாக, அவளுடைய பன்னீர் ரோஜாவைப் பற்றிச் சொல்வார்கள். மேடவாக்கத்து அடுக்குமாடிக்காரர்கள் அந்தக் கன்றுக்காகவே கார் எடுத்துக்கொண்டு வருவார்கள். வாங்கிப்போன செடி எதுவும் அவர்கள் பால்கனியில் ஒரு கோடையைத் தாண்டாது. அடுத்த வருஷம் மறுபடி வருவார்கள்.

அத்தனை கன்றும் அவள் அத்தா விட்டுப்போன தாய்ச்செடிகளிலிருந்து வெட்டிய குச்சிகள்தான். அத்தா மௌத்தாகி, அடக்கம் முடிந்த பிறகு பாகம் பிரித்தார்கள். ரோட்டுப் பக்கம் தம்பி சாஜித்துக்கு, ஏரிப் பக்கமும் தாய்ச்செடிகளும் அக்காவுக்கு. ஒரேயொரு குச்சி கொடு என்று தம்பி கேட்டான். தாய்ச்செடியில் அடுத்தவனுக்குக் குச்சி வெட்டித் தரும் நர்சரிக்காரன் உலகத்தில் உண்டா? இவளும் விரட்டிவிட்டாள். அன்றைக்கு நடுவில் பச்சை வலை கட்டியதோடு பேச்சு நின்றது. பெருநாளன்றுகூட ஒரு சலாம் கிடையாது.

போன கார்த்திகை மழையில் ஏரி நிரம்பி வழிந்தது. தண்ணீர் நாள்கணக்கில் தேங்கி நின்று வடிந்தபோது, வேலிக்கு வெளியே முழங்கால் உயரத்துக்குக் கறுப்பு வண்டல் கிடந்தது. மற்ற வருஷமென்றால் பங்குனியில் ஏரி காய்ந்த பிறகு டிராக்டர் பிடித்து இந்த வண்டலை அள்ளி வருவார்கள். நேரே செடித் தூரில் கொட்டுவார்கள். அத்தா காலத்திலிருந்து அதுதான் பழக்கம்.

"யா அல்லாஹ், வாசல்லயே கொண்டாந்து கொட்டிட்டியே!" என்று ஜஹானாரா கூடையைத் தூக்கினாள்.

அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. சத்து இருந்தால் நாறத்தான் செய்யும் என்று அவளே முடிவு கட்டிக்கொண்டாள். அவள் முடிவு கட்டிவிட்டால் எதிர்த்துப் பேச யாருக்குத் தைரியம்? தாய்ச்செடி ஒன்று விடாமல், குச்சி ஊன்றிய பாத்திகளையும் விடாமல், ஈரத்தோடு வண்டலைக் குவித்தாள். வலைக்கு அந்தப் பக்கம் சாஜித் டீயைக் குடித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சில பேருக்கு வவுறு எரியுதுபோல கீது," என்றாள், செடியைப் பார்த்து. அவன் உள்ளே போய்விட்டான்.

தை பிறப்பதற்குள் ரோஜாக்கள் அடியிலிருந்து மஞ்சளித்தன. இலை கொட்டியது, தண்டு கறுத்தது. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தாள். வெள்ளை வேர் ஒன்றுகூட இல்லை. கருகிய நூலாய்த் தொங்கியது. அடுத்த நிமிஷமே சாஜித்தின் நர்சரி வாசலில் நின்றாள்.

"அத்தா வச்ச செடிக்குக் களைக்கொல்லி ஊத்திட்டான், பாவி! உன் கையி வெளங்குமாடா? கேட்டியே குச்சி, கிடைக்கலன்னதும் கொன்னுட்டியா? நாசமாப் பூடுவே!"

வந்த வாடிக்கையாளர்கள் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்கள். சாஜித் வாயைத் திறக்கவில்லை. அதுவே அவளுக்குச் சாட்சியாகிவிட்டது. போலீசுக்குப் போவதற்கு முன் கையில் ஆதாரம் வேண்டுமே என்று ஒரு பை மண்ணோடு துர்காவிடம் போனாள். துர்கா மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள், இவளிடம் செடி வாங்குகிறவள்.

துர்கா பையைப் பிரித்து முகர்ந்தாள். "களைக்கொல்லி மருந்தான்னு டெஸ்ட் பண்ணித்தான் சொல்லணும். ஆனா இந்த நாத்தத்தைப் பாத்தா, செடி சாக மருந்தே தேவையில்ல ஆன்ட்டி. வெள்ளத்துல வந்த வண்டலா?"

"ஆமா. இன்னா இப்ப?"

"தண்ணி நின்னா மண்ணுக்குள்ள காத்து போகாது. காத்துல வாழுற நுண்ணுயிர் அடங்கிடும். காத்தே வேணாம்ங்கற கூட்டம் எழுந்துக்கும். அதுங்க மண்ணுல இருக்கற நைட்ரேட்டை உறிஞ்சி வாயுவா வெளிய விட்டுடும். கந்தகத்தையும் விடாது, அதான் இந்த நாத்தம். இதை ஈரத்தோட தூர்ல கொட்டினா வேர் மூச்சு முட்டிச் செத்துடும்."

"காலங்காலமா இந்த ஏரி மண்ணைத்தானே போட்டோம்!"

"காய்ஞ்சு வெடிச்ச மண்ணைப் போட்டிருப்பீங்க. வெயில் பட்டு, காத்துப் பட்டு, பழைய நுண்ணுயிர் திரும்பி வந்ததும் மக்கின குப்பையில இருக்கற சத்து செடிக்குக் கிடைக்கும். நிறையறதும் காயறதும் ஏரிக்குப் பழக்கம்தான். ரோஜா தாங்காது."

பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜஹானாரா யாரையும் திட்டவில்லை. கண்டக்டர் சில்லறைக்குக் கத்தியபோதும் சும்மா இருந்தாள். எல்லாம் என் கையாலயே, என் கையாலயே என்று மனசு அடித்துக்கொண்டது. தாய்ச்செடியில் ஒன்றுகூட மிஞ்சாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

வலையோரம் சாஜித் தொட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். அவளைப் பார்க்காமலே பேசினான். "இன்னா சொன்னாங்க? களைக்கொல்லியா?"

"வண்டலாம்."

"தெரியும். இதுக்கு முந்தின வெள்ளத்துல எனக்குப் பாதி குரோட்டன்ஸ் போச்சு. வண்டல் போட்ட பாதி மட்டும்."

"தெரியுமா? தெரிஞ்சுகினா நின்னு டீ குடிச்சே? அது அத்தா செடிடா!"

"சொன்னா கேட்டிருப்பியா? நான் சொன்னேன்றதுக்காகவே இன்னும் நாலு கூடை போட்டிருப்பே!"

அவன் கையிலிருந்த தொட்டியைத் தரையில் டக்கென்று வைத்தான். ஜஹானாரா பட்டுப்போன செடிகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஆமா, போட்டிருப்பேன்," என்றாள். "இருந்தாலும் நீ சொல்லியிருக்கணும்டா."